ஐந்து வயதில் அந்தக் குழந்தை எங்கே?

2023 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் டாப்ஸ் ஆய்வு வந்ததிலிருந்து, பிளவு அறுவை செய்கிற நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான்: அண்ணத்தை ஆறாம் மாதத்தில் மூடுவதா, பன்னிரண்டாம் மாதம் வரை பொறுப்பதா? ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலுமாக 23 மையங்கள், 558 குழந்தைகள். மென்னண்ணம் தொண்டைச் சுவரோடு சரியாகப் பொருந்தி மூடாத குறை, ஆறு மாதத்தில் அறுவை செய்த குழந்தைகளில் ஐந்து வயதில் 8.9 சதவீதம். பன்னிரண்டு மாதத்தில் செய்தவர்களில் 15 சதவீதம். பேச்சைப் பெரிதாக மதிக்கிற எவரும் இந்த இடைவெளியைக் கண்டும் காணாமல் போக முடியாது.

ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்ற பத்தியையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அண்ணத்தில் மட்டும் பிளவு, கூடவே வேறு நோய்க்குறித்தொகுதி இல்லை, அறுவைக்கு ஏற்ற உடல்நிலை. நம் திங்கட்கிழமை ஓ.பி. வரிசை அப்படியா இருக்கிறது? உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்த குழந்தைதான் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து மாதம் முடிந்தும் எடை ஐந்து கிலோவைத் தொடவில்லை, ஹீமோகுளோபின் எட்டு. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையைக் கடைவாயில் சாய்த்து, துளித்துளியாகப் புகட்டி, மூக்கில் வழிவதைத் துடைத்துவிட்டு மறுபடி புகட்டுகிறாள் தாய். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம். இந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் என்ற தேதியை விட இரும்புச் சத்தும் எடையும்தான் முதலில் வேண்டும். சின்னத் தாடையும் பின்னுக்குச் சாய்ந்த நாக்குமாகப் பிறந்த பியர் ராபின் குழந்தையின் கதை இன்னும் வேறு. டிங்மன் கருவி நாக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் அது வீங்கும். நடுவில் தளர்த்தி ரத்த ஓட்டம் திரும்ப இடம் கொடுக்காமல் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வார்டுக்கு அனுப்பினால், நள்ளிரவில் மூச்சுத் திணறலைச் சமாளிப்பது அன்று பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர். குழந்தை தீவிர சிகிச்சை வசதியும், அதில் பழகிய மயக்கவியல் மருத்துவரும் இல்லாத இடத்தில் ஆறு மாதத்துக்கு அவசரப்படக் கூடாது என்பதே இவ்விதழின் கருத்து.

டாப்ஸில் என்னை உலுக்கியது வேறோர் எண். 558 குழந்தைகளில் 461 பேரின் பேச்சை ஐந்து வயதில் கேட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பத்திரண்டுக்கு மேல். அறுவை முடிந்து நாலு வருடம் கழித்து நூறு பேரில் எண்பது பேரைத் தேடிப் பிடிக்கும் மையம் நம்மிடம் எத்தனை? நம் டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரி ‘தேவைப்பட்டால் வரவும்’. தேவை எது என்று அந்தப் பெற்றோருக்கு யார் சொன்னார்கள்? உதட்டுப் பிளவை மூடியதும் முகம் தெரிந்துவிடுகிறது, ஊர் வாயும் அடங்கிவிடுகிறது. அண்ணம் வாய்க்குள் இருப்பது. அதன் குறை வெளியே வர மூன்று வருடம் ஆகும்.

வரும்போது இப்படி வரும். மூன்று வயதுப் பிள்ளை அப்பாவைக் கூப்பிடுகிறது, ‘அம்மா’ என்று காதில் விழுகிறது. உதடு சரியாகத்தான் கூடுகிறது. ஆனால் வாயில் தேங்க வேண்டிய காற்று மூக்கு வழியே போய்விடுவதால் பகரம் மகரமாகிறது. மூக்கின் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து ‘பாப்பா’ சொல்லச் சொன்னால் பனி படர்கிறது. காற்றைத் தேக்க முடியாத பிள்ளை தொண்டைக்குள்ளேயே ஒலியை வெட்டிச் சமாளிக்கப் பழகிவிட்டால், பிறகு எத்தனை அழகாகத் தசையைத் தைத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. அதைப் போக்குவது பேச்சுப் பயிற்சியாளரின் வேலை. இதற்கு இலங்கையிலிருந்தே சான்று உண்டு. 1984இல் மைக்கேல் மார்ஸ் தொடங்கிய இலங்கைப் பிளவுத் திட்டத்தில், வளர்ந்த பிறகு முதல்முறையாக அண்ணம் மூடப்பட்ட இளைஞர்களை டெபி செல், பமீலா கிரன்வெல் இருவரும் ஆராய்ந்தார்கள். அறுவைக்குப் பின்னும் பலரின் பேச்சு தேறவில்லை.

அதே திட்டம் மறுபக்கத்தையும் காட்டியது. அறுவையே செய்யாமல் வளர்ந்தவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாக முன்னுக்கு வளர்ந்திருந்தது. அப்படியானால் பள்ளமாகிப்போன நடுமுகத்துக்குப் பிளவை விட நம் கத்திதான் பெரிய காரணம். எலும்பைத் திறந்து விட்டுவைக்கும் பழைய பின்தள்ளு முறைகளை இன்னும் விடாதவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஃபிஸ்டுலா விஷயத்தில் நமக்குப் பொறுமை போதவில்லை. வன்னண்ணமும் மென்னண்ணமும் சேரும் இடத்தில், இழுத்துக் கட்டிய தையல் பத்தாம் நாள் பிரிந்து துளை தெரிந்ததும் அடுத்த வாரமே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகிறோம். வீங்கிச் சிவந்த திசுவில் தைத்தால் துளை பெரிதாவதுதான் மிச்சம். ஆறு மாதமாவது விட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் சில தானே சுருங்கும். சில துளைகளில் ரசம் மூக்கில் ஏறும், பேச்சுக்கோ குறை வராது. சிலவற்றில் சூயிங்கம் வைத்து அடைத்துப் பேசச் சொன்னால் குரலே மாறும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் அறுவை அவசியம். துளை எங்கே என்று பிட்ஸ்பர்க் வகைப்பாட்டில் குறித்து, எவ்வளவு என்றும் எழுதி வைத்தால் அடுத்து வருகிறவருக்கும் புரியும். ‘சிறு துளை உள்ளது’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

காதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அண்ணப் பிளவுக் குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் நடுச்செவியில் நீர் கோக்கும். கேட்காத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. அண்ணத்தை மூடும் நாளிலேயே காதையும் பார்த்துவிட ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் வேண்டும்.

மூக்கொலி மீறி நிற்கும் பிள்ளைக்கு இரண்டாவது அறுவை என்று வரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். முதலில் எண்டாஸ்கோப்பி, அண்ணத்தின் அசைவைக் காட்டும் எக்ஸ்ரே. லெவேட்டர் தசை இன்னும் முன்னால் ஒட்டியிருந்தால் அதைப் பிரித்துப் பின்னுக்குத் தைப்பதோ, ஃபர்லோ முறையோ போதும். எடுத்த எடுப்பில் தொண்டைச் சுவரிலிருந்து மடல் எடுத்து வழியைக் குறுக்கினால் பேச்சு தெளியும், இரவில் குறட்டையும் மூச்சடைப்பும் வரலாம். 22ஆம் குரோமோசோமில் சிறு பகுதி இழந்த குழந்தைகளில் கழுத்துத் தமனி நடுக்கோட்டுக்கு நகர்ந்து, மடல் எடுக்கிற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கலாம். இதயக் குறையும் கால்சியக் குறைவும் கூடவே வரும். நீண்ட முகம், இதய முணுமுணுப்பு, கற்றலில் பின்தங்கல், பிளவு தெரியாமலே மூக்கொலி என்று வந்தால் கத்தியை எடுக்குமுன் மரபணுச் சோதனையும் கால்சியம் அளவும் பாருங்கள்.

பிரையன் சோமர்லாட் 2003இல் எழுதிய கட்டுரையைப் பலர் தசைப் படங்களுக்காக வைத்திருக்கிறோம். அதில் 442 அறுவைகள், குறைந்தது பத்து வருடப் பின்தொடர்தல். இரண்டாம் அறுவை தேவைப்பட்டவர்கள் பதினைந்து வருடத்தில் 10.2 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தார்கள். தன் குறையைத் தானே எண்ணிப் பார்த்ததால் அது அவருக்குத் தெரிந்தது.

நம் ஊரில் காப்பீடும் தொண்டுப் பணமும் பெரும்பாலும் அறுவைக்கு இவ்வளவு என்றுதான் வருகின்றன, நாமும் அறுவைகளை எண்ணியே ஆண்டறிக்கை எழுதுகிறோம். மாற்று வழி இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் சமூகப் பணியாளர்களைப் பழக்கி வீட்டருகிலேயே பேச்சுப் பயிற்சி கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் பிளவும் உண்டு, மாவட்ட இடையீட்டு மையங்களும் உண்டு. அறுவை செய்த நாளிலேயே குழந்தையின் பெயரை அந்த மையத்துக்கு எழுதி அனுப்பினால், செல்பேசி எண் மாறிப்போனாலும் ஊர் செவிலியருக்கு வீடு தெரியும்.

வரும் ஆண்டு முதல் இதழிலிருந்து, அண்ண அறுவை பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் மூன்று எண்கள் கட்டாயம்: எத்தனை பேருக்கு அறுவை, ஐந்து வயதில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், அவர்களில் எத்தனை பேரின் பேச்சை அறுவை செய்தவரைத் தவிர வேறொருவர் கேட்டு மதிப்பிட்டார். இரண்டாவது எண் சிறியதென்பதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அது இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவோம்.