மூக்கை நம்பிய அடுப்பு

காஸ் கசிந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும், நாற்றம் இல்லையென்றால் கசிவும் இல்லை என்ற நம்பிக்கை, வீட்டுச் சமையலறையைவிட நகரும் அடுப்புகளைச் சுற்றித்தான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நகரும் அடுப்பு என்பது இங்கே, வடசென்னையின் காசிமேட்டிலிருந்து தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, புறப்படும் விசைப்படகில் சோறு வடிக்கும் அடுப்பையும், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயில் திறக்க மணிக்கணக்கில் காத்து நிற்கும் ட்ரெய்லர் லாரியில் சின்ன சிலிண்டரோடு பயணிக்கும் அடுப்பையும் குறிக்கும். அந்த நம்பிக்கை எங்குமே தவறுதான். வடசென்னையில் அது உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய கலவையே சமையல் எரிவாயு. அதற்கென்று சொந்த மணம் கிடையாது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில், மணமில்லாத இயற்கை எரிவாயு ஒருவருக்கும் தெரியாமல் சேர்ந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்ட பிறகுதான், எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் பரவலாயின. இன்று நம் சிலிண்டரில் வீசுவது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் வாடை; தீப்பற்றக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே உணரும்படி அது கலக்கப்படுகிறது. ஏற்பாடு நல்லதுதான், ஆனால் அது புதிதாக உள்ளே நுழைகிறவரின் மூக்கைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்டது. ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதை விட்டுவிடும் என்பது உடலியலார் அறிந்த உண்மை. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வரும் கந்தக வாடை, மீன் கவிச்சி, டீசல் புகை ஆகியவற்றிலேயே விடிந்து அடைகிற மூக்குக்கு, இன்னொரு கந்தக வாடையைப் பிரித்துச் சொல்லும் காவல் வேலையைக் கொடுப்பது என்ன நியாயம்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் விழித்து ஓடித் தப்பியதை இங்கே எதிர்வாதமாகக் காட்டலாம். ஆனால் அமோனியா தன்னியல்பிலேயே நெடி. கண்ணையும் தொண்டையையும் எரித்து, மூச்சை அடைத்து எழுப்பக்கூடியது. மெர்காப்டன் வெறும் வாடை. அது எரிச்சலூட்டாது, அயர்ந்து தூங்குகிறவரை எழுப்பும் என்று அதை நம்பவும் முடியாது. அந்த இரவின் அனுபவத்தை அடுப்புக்கும் பொருத்துவது ஆபத்தான ஒப்புமை.

அடுத்தது, கதவைத் திறந்துவிட்டால் போய்விடும் என்ற துணை நம்பிக்கை. இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தண்ணீர்போலத் தாழ்ந்து ஓடி, லாரியில் சீட்டுக்கு அடியிலும், படகில் இயந்திர அறையின் பள்ளத்திலும் தேங்கும். மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்க, வாயுவோ கணுக்காலைச் சுற்றிக் கிடக்கிறது. காற்றில் 2 விழுக்காட்டளவு கலந்தாலே அது பற்றும் என்பதால், 5 கன மீட்டர் கொண்ட ஒரு கேபினுக்கு ஏறக்குறைய 200 கிராம் கசிந்தால் போதும். 5 கிலோ சிலிண்டரில் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரில் தேநீர் போட முனைந்தபோது பற்றிய தீயில் 9 பேர் இறந்தார்கள். அடைபட்ட பெட்டிக்குள் அடுப்பு என்றால் என்ன என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

கசிவைக் கண்டறிய வேண்டியது கண்தான். சோப்புத் தண்ணீரை நுரைக்கக் கலக்கி, ரெகுலேட்டரைத் திறந்து, பர்னர் குமிழ்களை மூடிவைத்து, ட்யூபின் இரு முனைகளிலும் தடவிப் பார்த்தால், கசியும் இடத்தில் மீன் கண்ணளவுக் குமிழி உப்பி, உடைந்து, மறுபடியும் உப்பும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். உப்புக்காற்றில் துருவேறிய கிளிப், அதிர்வில் தளர்ந்த இணைப்பு, சூடு பட்டு வெடித்த ரப்பர் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். வெடித்த ட்யூபின்மேல் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றுவதும் இன்சுலேஷன் டேப் ஒட்டுவதும் பழுதுபார்த்தல் ஆகா; கம்பி வலையால் வலுவூட்டிய, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த ஆண்டும் பொறித்த ட்யூபை மாற்றுவதே பழுதுபார்த்தல், அதற்கும் ஆயுள் 5 ஆண்டுகளே. ரெகுலேட்டரைக் கழற்றிய பின் சிலிண்டரின் வாயில் சில துளி தண்ணீர் விட்டுக் குமிழி எழுந்தால், உள்ளேயிருக்கும் கறுப்பு ரப்பர் வளையமோ வால்வோ கெட்டிருக்கிறது. மூடியைப் போட்டு இறுக்கித் திறந்தவெளியில் வைத்து, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். படகின் பள்ளத்தில் வாயு தேங்கியிருக்கும் ஐயம் இருந்தால் இயந்திரத்தையோ மோட்டார் பம்பையோ முடுக்கவே கூடாது, ஏனெனில் ஸ்விட்சில் எழும் ஒரு பொறி போதும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுப் படகுகள் கரைகட்டி நிற்கின்றன. பலகை மாற்றுகிறார்கள், இயந்திரத்தைப் பிரித்து மாட்டுகிறார்கள், சாயம் பூசுகிறார்கள், மீன்வளத் துறையும் வந்து படகுகளை ஆய்வு செய்கிறது. அந்த ஆய்வில் சமையல் மூலைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, ட்யூபின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் எடுத்துச் செல்ல வேண்டும்.