பாம்பு எச்சிலும் நரம்பு டானிக்கும்!

கிளாஸை கட் அடிச்சிட்டு ஈ.சி.ஆர்.ல மகாப்ஸ் பக்கம் வண்டியை விட்டிருப்பீங்கதானே? (சரி, சனிக்கிழமைன்னே வெச்சுக்குவோம். இதை அப்பாவும் படிக்கலாம்!) மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வடநெம்மேலியில முதலைப் பண்ணை வரும். அந்த வளாகத்துக்குள்ளயேதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கமும் இருக்கு. ஆரம்பிச்சது 1978-ல. மண்பானைக்குள்ள பாம்பைப் போட்டு, வாயில துணியைக் கட்டி, வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. அந்தப் பானைக்கும், உங்க பயோடெக் லேப் ஃப்ரீஸர்ல தூங்குற குட்டிக் கண்ணாடி வயலுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதான் இந்த வார மேட்டர்.

ரீட்டா லெவி மோன்டால்சினின்னு ஒரு இத்தாலிப் பெண்மணி. யூதர் என்பதால் முசோலினி ஆட்சியில் வேலை போச்சு. அம்மணி அசரலையே! படுக்கையறையையே லேப் ஆக்கி, கோழி முட்டைக் கருவில் நரம்பு எப்படி வளருதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். வெளியே இரண்டாம் உலகப் போர்! அப்புறம் 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போனார். அங்கே எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால், நரம்புகள் அதைத் தேடிக் காடு மாதிரி வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒண்ணு கசிஞ்சு நரம்பை வளர்க்குது. அது புரோட்டீனா, நியூக்ளிக் அமிலமா?

கூட வேலை பார்த்த ஸ்டான்லி கோஹன் இதுக்கு விடை தேடினார். பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தை வெட்டும் என்ஸைம் உண்டு. அதைக் கலந்து பார், வளர்ச்சி நின்னா அது நியூக்ளிக் அமிலம்னு அர்த்தம்... இப்படி ஐடியா கொடுத்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க். கலந்தாங்க. நின்னுடும்னு பார்த்தா, முன்னைவிடப் பல மடங்கு வளருது! வெறும் விஷத்தை மட்டும் போட்டாலும் வளருது. தேடிக்கிட்டிருந்த சரக்கு விஷத்துக்குள்ளேயே ஏராளமா இருந்திருக்கு. இது நடந்தது 1950-களின் நடுவில்.

இதுக்கு அப்புறம் கோஹன் யோசிச்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பாம்பின் விஷப்பை என்பது உருமாறிய எச்சில் சுரப்பிதானே? அப்போ எலியின் எச்சில் சுரப்பியில் பார்ப்போமே! பார்த்தார், அங்கேயும் இருந்தது. அதுதான் என்.ஜி.எஃப்., அதாவது நரம்பு வளர்ச்சிக் காரணி. ரெண்டு பேருக்கும் 1986-ல் நோபல். அவங்க பயன்படுத்தினது நம்ம ஊர் பாம்பு இல்லை. ஆனா நம்ம நல்ல பாம்பின் விஷத்திலும் இதே சரக்கு இருக்கு.

என்.ஜி.எஃப்.புக்கு ஒரு தம்பி உண்டு, பி.டி.என்.எஃப். இவர் மூளையிலேயே கிடைக்கிறவர். நினைவாற்றல், கற்றல்னு பேச்சு வந்தாலே இவர் பேரும் வந்துடும். 1982-ல் ஜெர்மனியில் ஈவ் பார்ட் குழுவினர் கிலோ கணக்கில் பன்றி மூளையை அரைச்சு, மைக்ரோகிராம் அளவுக்கு இவரைப் பிரிச்செடுத்தாங்க. இப்படியே போனா ஒரு லேபுக்கு ஒரு பன்றிப் பண்ணையே வேணுமே! மனித மூளையை அரைக்கிறதோ... பேச்சுக்கே இடமில்லை.

1989-ல் பி.டி.என்.எஃப். ஜீனைப் பிரிச்செடுத்தாங்க. பாதை திறந்தது. மனித ஜீனை ஒரு பிளாஸ்மிட்டில் ஒட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பினா, அது தன் புரோட்டீனோடு சேர்த்து நம்ம புரோட்டீனையும் செய்து தரும். மறுசேர்க்கைப் புரோட்டீன்னா இதுதான். கேட்க ஈஸியா இருக்குல்ல? அங்கேதான் வில்லங்கம். இந்த ரெண்டு புரோட்டீனிலும் மூணு கந்தகப் பாலங்கள் முடிச்சுப் போட்ட மாதிரி பின்னிக்கிடக்கும். ஈ.கோலைக்கு அந்த முடிச்சு போடத் தெரியாது. கட்டி கட்டியாக் குவிச்சு வெச்சிடும். அதைக் கரைச்சு, பிரிச்சு, மறுபடி சரியா மடிய வைக்கணும். எத்தனையோ பி.ஹெச்டி. மாணவர்கள் கண்ணீர் விடுற இடம் இதுதான்!

அதனாலதான் அந்த வயல் விலையைக் கேட்டா தலை சுத்துது. 10 மைக்ரோகிராம்னா கண்ணுக்கே தெரியாத தூள். கிராம் கணக்கு போட்டா தங்கமெல்லாம் கிட்ட நிக்க முடியாது. ஆனா ஒரு மில்லிக்கு 50 நானோகிராம் என்.ஜி.எஃப். விட்டாலே பி.சி.12 செல்கள் சில நாளில் வாலு மாதிரி கிளை விடும். அப்போ அந்த ஒரு வயல் 200 மில்லிக்கு வரும். ப்ராஜெக்ட் பண்றவங்க கவனிங்க பாஸ்... கரைச்ச உடனே சின்னச் சின்ன பங்காப் பிரிச்சு உறைய வையுங்க. சும்மா சும்மா உருக்கி உருக்கி உறைய வெச்சா, உள்ளே இருக்கிறது வெறும் தண்ணிதான். கைடு திட்டும்போது என்னைத் திட்டாதீங்க.

லேபோட நிக்கலை இது. மனித என்.ஜி.எஃப்.பை ஈ.கோலையில் தயாரிச்சு, கருவிழி நரம்பு செத்துப்போனவங்களுக்குச் சொட்டு மருந்தா 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் அனுமதிச்சாங்க. நம்ம செங்கல்பட்டு கதை வேற. திருமணியில் ஹெச்.எல்.எல். பயோடெக் வளாகம் கட்டினாங்க. மறுசேர்க்கை முறையில் தயாராகும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அதன் பட்டியலில் உண்டு. 2021 மே மாசம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தப்பவும் உற்பத்தி தொடங்கியிருக்கலை. பக்கத்திலேயே வருஷா வருஷம் இத்தனை பயோடெக் பட்டதாரிகள் வெளியே வர்ற ஊர்ல... என்னத்தைச் சொல்ல!

சரி, வடநெம்மேலிக்குத் திரும்புவோம். பாம்புத் தோல் வியாபாரம்தான் ஒரு காலத்தில் பல இருளர்களுக்குச் சோறு. 1972 வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் அதை நிறுத்தின. ரோமுலஸ் விட்டேகர் துணையோடு வந்த சங்கம்தான் கை கொடுத்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடிச்சு, சில வாரம் வெச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுடுவாங்க. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகுது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்கன்னு 2020-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அந்த மருந்து எத்தனை பெரிய விஷயம்னு புரியுதா?

இப்போ அந்த மருந்தும் குதிரையை விட்டு லேபுக்கு நகரப் பார்க்குது. 2024-ல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் அமெரிக்க ஸ்கிரிப்ஸும் செயற்கை ஆன்டிபாடி ஒண்ணை அறிவிச்சாங்க. 2025-ல் டேவிட் பேக்கர் குழு கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணின புரோட்டீன், எலிகளை நாகவிஷ நச்சுகளிலிருந்து காப்பாத்துச்சு. பன்றி மூளைக்கு வேலை போனதில் யாருக்கும் வருத்தமில்லை. பாம்புப் பானைக்கும் ஒருநாள் வேலை போனா?

எனக்கு அவ்வளவு சீக்கிரம் போகும்னு தோணலை. ஒரே கண்ணாடி விரியன்தான், ஆனா ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்மானம் மாறுது. இங்கே எடுத்த விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலத்துப் பாம்புக்கடிக்குச் சரியா கேட்காம போறதை ஆய்வுகள் காட்டியிருக்கு. அப்போ எந்த நச்சுக்கு எந்த ஊரில் புரோட்டீன் டிசைன் பண்றது? அந்தந்த ஊர்ப் பாம்பை யாராவது பிடிச்சாகணுமே! மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. 2017-லேயே இவங்களை ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டு மலைப்பாம்பு பிடிக்க வெச்சாங்க. இத்தனைக்கும் அங்கே மோப்ப நாய் முதல் எல்லாம் இருந்தது. இவங்க கையில் இருந்தது ஒரு கடப்பாரைக் கம்பிதான்.