கடல் கொள்ளும்; கணக்குத் தீருமா?

ஆலைப் புகையிலுள்ள கரியமிலவாயுவைப் பிடித்து, அழுத்தி நீர்மமாக்கி, ஆழ்கடலில் இறக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என வாதிடுவோர் உளர். ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக்கின் ஆழத்தில் அமிழும் கனத்த நீரோட்டத்தில் கலந்துவிடலாம் என்று 1977-இல் எழுதினார் இத்தாலிய அறிஞர் சீசரே மார்க்கெட்டி. கடல் பெரிது, கொள்ளும் என்பதே வாதத்தின் சாரம்.

கொள்ளும், மறுப்பாரில்லை. எவ்வாறு கொள்கிறது என்பதன்றோ கேள்வி? ஏறத்தாழ 500 மீட்டருக்குக் கீழே அது நீர்மமாகவே நிற்கும். ஆயினும் கடல்நீரினும் இலேசானது; துளிகளாய் மேலெழும், எழும்போதே கரையும். 3,000 மீட்டருக்குக் கீழேயோ கதை மாறுகிறது. அழுத்த மிகுதியால் நீரினும் கனத்துத் தாழ்ந்து, கடலடியில் குளமெனத் தேங்கும். 1998-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு அப்பால், பீட்டர் புரூவர் குழுவினர் 3,600 மீட்டர் ஆழத்தில் ஒரு குவளையில் அதை ஊற்றிப் பார்த்தனர். குளிர்நீரோடு கூடிப் பனிக்கட்டி போன்றதொரு திடப்பொருள் விளைந்தது. குவளை பொங்கி வழிந்தது. அந்தத் திடப்பொருள் ஏடாகப் படிந்து கரைதலைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஆடை படிந்ததனால் பால் ஆறாமலா இருக்கிறது?

கரைந்தபின் அழிந்ததா? இல்லை. நீருடன் கூடிக் கார்போனிக் அமிலமாகிறது. சிப்பியும் பவளமும் கூடு கட்டத் தேவையான கார்பனேட்டைத் தின்று பைகார்பனேட்டாகிறது. நூற்றாண்டுகள் கழித்து ஆழ்நீர் மேலே வருங்கால், ஒரு பங்கு மீண்டும் காற்றில் ஏறும். புதைத்தவன் அன்று இருக்கமாட்டான். வழிவந்தோர் இருப்பர், கடனைக் கட்ட!

நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மேற்கடல் இப்போதே விழுங்குகிறதே, ஆழத்தில் சேர்த்தாலென்ன என்பர். நேர்மையான கேள்விதான். ஆனால், ஒருவன் தோளில் சுமை இருக்கிறது என்பது, இன்னொரு மூட்டையை ஏற்ற உரிமைச் சீட்டாகுமா? குழாய்வாயின் அருகே வாழும் உயிர்கள்மீது அமிலம் ஒருசேர இறங்குமே!

அமெரிக்காவும் ஜப்பானும் நார்வேயும் 1997-இல் உடன்பாடு கண்டு, ஹவாயின் கோனா கரைக்கு அப்பால் சோதனைக்குத் திட்டமிட்டன. கரைவாழ் மக்கள் எதிர்த்து நின்றனர். திட்டம் நார்வேக்குப் பெயர்ந்தது. கிடைத்த அனுமதியும் 2002-இல் அங்கே இரத்தாயிற்று. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள், கடல்நீரிலும் கடலடியின்மீதும் இதைக் கொட்டுவதை 2007-இல் தடைசெய்தன. கரைவாழ் மக்களைக் கேளாமல் வகுத்த திட்டம் கரை சேரவில்லை!

கடலடிக்கும் கீழே, பாறையடுக்கினுள் செலுத்துவது வேறு வழக்கு. நார்வேயின் ஸ்லெய்ப்னர் வயலில் 1996-இல் அது தொடங்கிற்று. அதைப் பிறிதொரு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.