‘சாப்பிடமாட்டான்’ வேறு, ‘சாப்பிடக்கூடாது’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகனுக்கு நாலு வயது. முட்டை ஆகாது. ஏதோ கொஞ்சம் அரிப்பெடுக்கும் என்ற கணக்கில் இல்லை. ஒரு விள்ளல் வாய்க்குள் போனாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடியிலும் சத்துணவிலும் போடும் முட்டையை எதிர்த்து நான் எழுதவில்லை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, இன்று பள்ளிகளில் வாரம் ஐந்து என வளர்ந்திருக்கும் முட்டை அது. நானும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். பிள்ளைகளின் தட்டில் முட்டை வைக்கலாமா கூடாதா என்று வேறு மாநிலங்களில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்கு என் பிள்ளையின் ஒவ்வாமையை யாரும் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் அங்கன்வாடியில் அவனைச் சேர்த்தபோது விவரத்தைச் சொன்னேன். “முட்டை சாப்பிடாத பிள்ளை” என்று குறித்துக்கொண்டார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளையும் அப்படித்தான் குறிப்பார்கள். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் பள்ளிச் சத்துணவில் உண்டு. ஆயாம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அவர் முட்டை வைக்கவேயில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு முட்டையை உதிர்த்துப் பிசைந்த கையாலேயே இவனுக்கும் சோற்றைப் பிசைந்து ஊட்டினார், அவ்வளவுதான். சாப்பிடாத பிள்ளைக்கும் சாப்பிடக்கூடாத பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சற்று நேரத்தில் அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ‘அலர்ஜி ஊசி’ போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஊசி அரிப்பை அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. முதலில் போட வேண்டியது தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின். ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மூலக்கடை தாண்டும் வரை அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் அட்ரினலின் போட்டபின்தான் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி தலைகாட்டலாம் என்று இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

அட்ரினலின் ஒன்றும் தங்க பஸ்பம் இல்லை. விலை குறைந்த, பழைய மருந்து. வெளிநாட்டில் அதைப் பேனா போல் செய்து, தொடையில் அழுத்தினால் தானே இறங்கும்படி விற்கிறார்கள். நான் ஏறி இறங்கிய மருந்துக்கடை எதிலும் அது கிடைக்கவில்லை. இப்போது என் கைப்பையில் இருப்பது கண்ணாடி ஆம்பியூலும் சிரிஞ்சும். அதை உடைத்து, அவன் எடைக்குத் தக்க புள்ளி ஒன்று நான்கு மில்லி மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிள்ளை நீலம் பாரித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய்க்குக் கை நடுங்காது? இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகளே மருந்துச்சீட்டு இல்லாமல் அந்தப் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. பாக்கெட்டின் மேல் முட்டை, பால், வேர்க்கடலை என்று அச்சிட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் மெனுவிலேயே போட வேண்டும். ஆனால் புழலில் எங்கள் பிள்ளைகள் சாப்பிடுவது அங்கன்வாடியிலும் தெருமுனை பேக்கரியிலும்தானே? பேக்கரியில் “இதுல முட்டை இருக்காண்ணே?” என்று கேட்டால், “கொஞ்சம்தாம்மா, தெரியவே தெரியாது” என்கிறார்.

அங்கன்வாடிப் பதிவேட்டில் ‘ஆகாத உணவு’ என்று தனியாக ஒரு கட்டம் போடட்டும். ஆயாம்மாக்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும்: அந்தப் பிள்ளைக்கு முதலில், கழுவிய கையால், தனிக் கரண்டியால். தெருவோரக் கிளினிக் வரை அட்ரினலின் இருக்கிறதா, எப்போது போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறதா என்று சுகாதாரத் துறை போய்ப் பார்க்கட்டும்.

வரும் ஜூனில் அவனை எல்.கே.ஜி.யில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். சாதிக்குக் கட்டம் இருக்கிறது, ரத்த வகைக்கு இருக்கிறது, மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுதக்கூட இரண்டு வரி விட்டிருக்கிறார்கள். முட்டையை எங்கே எழுதுவது என்று தெரியாமல், மச்சத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
புழல், சென்னை - 66