டோல்கேட் கட்டை போச்சு... பில் மட்டும் பின்னாடியே வருது!

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பரனூர் டோல்கேட்டில் மாட்டிக்கிட்டவங்களுக்கு அந்தக் கட்டை மேலே எப்படா எரிச்சல் தீரும் என்று இருக்கும். அந்தக் கட்டையே இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? ஹாங்காங்கில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அதுவும் கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளில்.

ஹாங்காங் தீவுக்கும் எதிரே உள்ள கவுலூனுக்கும் நடுவில் கடல். வண்டியில் போக 3 சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. முதலாவது 1972-ல் திறந்தது. கிழக்குப் பக்கம் 1989-ல் ஒன்று, மேற்குப் பக்கம் 1997-ல் ஒன்று. மூன்றிலும் காசு கட்டித்தான் போகணும். பைக்காரர்களும் தப்ப முடியாது. நம்ம ஊர் மாதிரி இல்லை, அங்கே பைக்குக்கும் டோல் உண்டு. ஓடுகிற பைக்கை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, பாக்கெட்டில் சில்லறை தேடி... பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான்.

2023 மே 7-ந் தேதி சிங் ஷா சாலையில் புது முறை ஆரம்பித்தது. கடல் சுரங்கப்பாதைகளுக்கு ஜூலை 23, ஆகஸ்டு 6, ஆகஸ்டு 27 என்று ஒவ்வொன்றாக வந்தது. பெயர் எச்.கே.இ.டோல்.

எப்படி வேலை செய்யுது?

வண்டியின் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். சாலைக்கு மேலே குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். அதில் இருக்கும் கருவி ஸ்டிக்கரைப் படிக்கும், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். வண்டி நிற்கவே வேண்டாம். பணம் கணக்கில் இருந்து தானாகப் போய்விடும். முதல் ஸ்டிக்கர் இலவசம். முன்பு இருந்த தனியார் ஆட்டோடோல் முறையில் மாதா மாதம் கட்டணம் பிடித்தார்கள். இதில் அது கிடையாது.

ஸ்டிக்கர் ஒட்டாதவன் என்ன பண்றது? அவனும் போகலாம், தடுக்க ஆள் இல்லை. ஆனால் 14 வேலை நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட வேண்டும். தவறினால் டோலோடு சேர்த்து 175 ஹாங்காங் டாலர் கூடுதல் கட்டணம். நம்ம காசுக்கு 1,900 ரூபாய்க்கு மேலே. அதற்கும் அசையாவிட்டால் இன்னும் 350 டாலர். 30 டாலர் டோலுக்கு இவ்வளவு!

சமாசாரம் இங்கேதான் இருக்கிறது. கட்டை நம்மைத் தடுத்தது வாஸ்தவம். ஆனால் அதே கட்டைதான் ‘உன் கணக்கில் காசு இல்லை' என்று அங்கேயே சொல்லியும் விட்டது. கட்டை தூக்கவில்லை என்றால் நமக்கே புரிந்துவிடும். இப்போது காற்று மாதிரி போய்விடலாம். காசு போனதா, இல்லையா என்பது அப்புறம்தான் தெரியும். அந்த நோட்டீசும் ஸ்டீயரிங் பிடித்தவனுக்குப் போகாது, வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். சொந்த வண்டிக்காரருக்குப் பரவாயில்லை. முதலாளி வண்டியை ஓட்டுகிற டிரைவருக்கு? அபராதம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லணுமா!

இந்த நாள் கெடு விஷயத்தில் ஹாங்காங் எவ்வளவோ மேல். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கு அடியில் டார்ட்ஃபோர்டு சுரங்கப்பாதை இருக்கிறது. அங்கே 2014 நவம்பர் 30-ந் தேதியே சாவடிகளை எடுத்துவிட்டார்கள். மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டவில்லை என்றால் 70 பவுண்டு அபராதம் என்று வைத்தார்கள். 14 நாளில் கட்டினால் பாதி. மறந்துபோய் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

நேரத்துக்கு ஒரு ரேட்டு

ஹாங்காங்கில் கட்டை போன கையோடு இன்னொன்றும் வந்தது. 2023 டிசம்பர் 17 முதல் கடல் சுரங்கப்பாதைகளில் நேரத்துக்கு ஏற்ப டோல் மாறுகிறது. அப்போது கார்களுக்கு நிர்ணயித்த ரேட்டைப் பாருங்கள். கூட்டம் இல்லாத நேரம் 20 டாலர், சாதாரண நேரம் 30. காலை, மாலை நெரிசலில் இரண்டு சுரங்கப்பாதையில் 40, மேற்குச் சுரங்கப்பாதையில் 60. ஒரு ரேட்டில் இருந்து இன்னொன்றுக்கு ஒரேயடியாகத் தாவாது. 2 நிமிடத்துக்கு 2 டாலர் என்று ஏறும், இறங்கும். இல்லாவிட்டால் ரேட் குறையட்டும் என்று சுரங்க வாசலிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள் அல்லவா?

சாவடியில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிற ஆளை வைத்து இந்தக் கணக்கைச் செய்ய முடியுமா? முடியாது. கட்டையை எடுத்தது வரிசையைக் குறைக்க மட்டும் இல்லை, எந்த நிமிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற பிடி அரசு கைக்கு வந்துவிட்டது.

ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். பிழைப்புக்கு ஓடுகிற வண்டிகளை இந்த ஏற்ற இறக்கத்தில் சேர்க்கவில்லை. டாக்சிக்கு எந்த நேரமும் 25 டாலர், சரக்கு வண்டிக்கு 50 டாலர் என்று ஒரே ரேட். காலையில் காய்கறி ஏற்றி வருகிறவன் நேரம் பார்த்தா வர முடியும்? ஆனால் டாக்சியில் ஏறுகிற ஆளுக்குச் செலவு குறையவில்லை. டிரைவர் திரும்பி வரும் டோலையும் சேர்த்து 50 டாலர் அவர்தான் கொடுக்கணும்.

சாவடியில் புகையைச் சுவாசித்துக்கொண்டு காசு வாங்கியவர்களின் அந்த வேலை போய்விட்டது. மோசடி ஆசாமிகளுக்கு மட்டும் புது வேலை கிடைத்தது. ‘உங்கள் டோல் பாக்கி இருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று போலி எஸ்.எம்.எஸ். பறந்தது. நிஜ பாக்கியே போன் வழியாகத்தான் தெரியும் என்கிறபோது, எது நிஜம், எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேயும் வருது

நம்ம நாட்டில் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயம் ஆனது. ஆனால் கட்டை போகவில்லை. ஸ்டிக்கர் இல்லாதவர் டபுள் கட்டணம் கட்டினார். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒண்ணே கால் மடங்கு, ரொக்கம் என்றால் டபுள் என்று மாற்றினார்கள். கட்டையே இல்லாத முறைக்கு 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி, அரியானாவின் கரவுண்டா சாவடிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

நம்ம ஊர் சாவடிக்கு இது வரும்போது ரெண்டு கேள்வி கேட்டு வைக்கணும். பாக்கியைக் கட்ட எத்தனை நாள் கொடுப்பீங்க? மினி வேன் ஓட்டுகிற தம்பியின் ஸ்டிக்கரில் காசு தீர்ந்தால் அது அவனுக்கு அன்றைக்கே தெரியுமா, இல்லை மூணு மாசம் கழித்து முதலாளி சம்பளத்தில் பிடிக்கும்போதுதான் தெரியுமா?