கூலியா குற்றவாளி?

ஐரோப்பாவில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் செய்யும் ஆலை ஒன்று மூடப்படும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் வாசிக்கப்படுகிறது: தொழிலாளி அதிகம் கேட்டான், முதலாளி கூலி மலிவான நாட்டுக்குப் போய்விட்டான். கூடவே ஓர் உபதேசம்: கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். தீர்ப்பு அரை உண்மை. உபதேசம் முழுப் பொய்.

பிரான்சின் அமியான் நகரில் வேர்ல்பூல் நிறுவனம் துணி உலர்த்தும் டிரையர்களைத் தயாரித்துவந்தது. அந்த உற்பத்தியைப் போலந்தின் வூச் நகருக்கு மாற்றப்போவதாக 2017 ஜனவரியில் அறிவித்தது. அதிபர் தேர்தல் நேரம். வேட்பாளர்கள் மக்ரோனும் மரீன் லெ பென்னும் ஒரே நாளில் அந்தத் தொழிலாளர்களைத் தேடி வந்தார்கள். ஆனாலும் 2018இல் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 290 பேருக்கு வேலை போனது. கூலிக் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

மிச்சக் கதை இது. வேர்ல்பூலின் ஐரோப்பியத் தொழிலும் துருக்கியின் ஆர்செலிக் நிறுவனத் தொழிலும் 2024 ஏப்ரலில் இணைந்து பெக்கோ ஐரோப்பா உருவானது. அதே ஆண்டு செப்டம்பரிலேயே போலந்தின் வூச், வ்ரோத்ஸ்வாஃப் ஆலைகள் இரண்டையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 1,800 பேர் நடுத்தெருவில். அவர்கள் என்ன, பிரெஞ்சுக்காரர்களின் சம்பளமா வாங்கினார்கள்?

இந்த இணைப்பால் 20 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாகும் என்று 2023லேயே பெருமையாக அறிவித்திருந்தார்கள். ஒரே வகைப் பொருளைச் செய்யும் பல ஆலைகள் ஒரு கைக்குள் வந்தால், சில ஆலைகள் மிகையாகிவிடும். மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

விற்பனை சரிந்ததும் ஆசியப் போட்டி இறுகியதும் உண்மை. மலிவான கூலி முதலாளியை இழுக்கும் என்பதும் உண்மையே. ஜெர்மனியின் மீலே நிறுவனம் கூட்டர்ஸ்லோ நகரிலிருந்து வாஷிங் மெஷின் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்ற 2024இல் முடிவெடுத்தது. எங்கே தெரியுமா? வூச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் க்ஸாவெருஃப். ஒரே வட்டாரம், ஒரே கூலிச் சந்தை. ஒருவர் வருகிறார், இன்னொருவர் மூட்டை கட்டுகிறார். அப்படியானால் முடிவெடுப்பது கூலி மட்டுமல்ல, இயக்குநர் குழுவின் கணக்கு.

சரி, பேசாமல் இருந்தால் வேலை நிலைக்குமா? தன் நேப்பிள்ஸ் ஆலையைக் காப்பதாக 2018 அக்டோபரில் இத்தாலிய அரசோடு ஒப்பந்தம் போட்ட வேர்ல்பூல், 2019 மே மாதத்திலேயே அதைக் கைகழுவப்போவதாகச் சொன்னது. 2020 அக்டோபர் 31 அன்று உற்பத்தி நின்றது. அரசிடம் போட்ட கையெழுத்துக்கே இதுதான் மதிப்பு என்றால், கூலியை விட்டுக்கொடுத்த தொழிலாளிக்கு யார் உத்தரவாதம்?

அடுத்த முறை ஆலை மூடும் செய்தி வந்தால், தொழிலாளி எவ்வளவு வாங்கினான் என்று கேட்காதீர்கள். முதலாளி எழுதிக்கொடுத்த வாக்குறுதி என்ன, அதை மீறியதற்குத் தண்டனை என்ன என்று கேளுங்கள்.