விடைக்குறிப்பு இல்லாத வினா

ஏழுமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள திருப்பதி, திருத்தலமாக மட்டுமன்றிக் கல்வி நகரமாகவும் விளங்குகிறது. 1954ஆம் ஆண்டில் தோன்றிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இங்கு உள்ளன. அவற்றுள் பின்னதில் பயிலும் மாணவர்கள் தாமே ஓர் ஆய்வுக் குழுவை அமைத்து, 'ஐஜெம்' என்னும் உலகப் போட்டியில் 2021ஆம் ஆண்டில் பங்கேற்றனர். பள்ளிக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இத்தகைய குழுக்களில் இணையலாமா? இணைதல் வேண்டும் என்பதே என் கருத்து.

உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ., அவ்வணு செய்யவேண்டிய வேலைகளைக் கூறும் கட்டளைத் தொகுப்பாகும். அதில் ஒரு மரபணுவைச் சேர்த்தால், அணுவின் வேலையும் மாறும். முற்காலத்தில் நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலின், பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவினுள் செலுத்தி, அதனையே இன்சுலின் செய்ய வைத்தனர். 1982இல் அது மருந்தாக ஏற்கப்பட்டது. இவ்வழியில் மேலும் சென்று, மரபணுக்களைப் பொறியின் உறுப்புகளைப் போலத் திட்டமிட்டுக் கோத்துப் புதிய பயன் காண முயல்வதே செயற்கை உயிரியல். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு வகுப்பாகத் தொடங்கிய முயற்சி, மறு ஆண்டு ஐந்து குழுக்கள் மட்டுமே கலந்துகொண்ட ஐஜெம் போட்டியாயிற்று. இன்றோ முந்நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அதில் பங்கேற்கின்றன.

இக்குழுவில் இணைவதால் விளையும் முதற்பயன், வினாவைத் தாமே எழுப்பக் கற்பதாகும். நம் தேர்வுகளில் ஒவ்வொரு வினாவிற்கும் ஒரு விடைக்குறிப்பு உண்டு. பல ஆண்டுகள் அவ்வாறே பயின்ற மாணவர், விடை எவர்க்கும் தெரியாத வினாவைக் கண்டால் அஞ்சுகின்றார். ஆய்வுக் குழுவிலோ அத்தகைய வினாவே தொடக்கம். சோதனை பலமுறை தோற்கும். தோற்றதையும் மறைக்காமல் எழுதிவைத்தால்தான் அடுத்து வருவோர் அதே தவற்றைச் செய்யமாட்டார். தோல்வியை நேர்மையாகப் பதிவு செய்யும் இப்பழக்கத்தை மதிப்பெண் பட்டியல் நமக்குக் கற்றுத் தருவதில்லை.

இரண்டாம் பயன், பல துறையினரோடு சேர்ந்து உழைப்பதாகும். இக்குழுவிற்கு உயிரியல் பயின்றோர் மட்டும் போதார். கணக்கிடுவோரும், கணினி நிரல் எழுதுவோரும், படம் வரைவோரும், மக்களிடம் எடுத்துரைப்போரும் வேண்டும். 2009ஆம் ஆண்டில் பெங்களூருவைச் சேர்ந்த கலை, வடிவமைப்பு மாணவர்கள் ஒரு குழுவாக ஐஜெம் போட்டியில் கலந்துகொண்டனர். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான 'ஜியோஸ்மின்' என்னும் பொருளைப் பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்குவதே அவர்தம் நோக்கம். அறிவியல் எனக்கு ஒவ்வாது என்று ஒதுங்கும் மாணவர்க்கும் அங்கு இடமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாம் பயனே தலையாயது. அஃது ஊரின் தேவையை அறிதல். 2006ஆம் ஆண்டில் எடின்பரோ மாணவர்கள், வங்காளதேசக் கிணற்று நீரில் கலந்துள்ள ஆர்சனிக் நஞ்சை எளிதில் கண்டறியும் பாக்டீரியாவை உருவாக்க முயன்றனர். தொலைவில் வாழும் மக்களின் துன்பம் அவர்களுக்கு ஆய்வுப் பொருளாயிற்று. நம்மைச் சுற்றியுள்ளோரின் துன்பம் நமக்கு ஆய்வுப் பொருளாக வேண்டாவா? சித்தூர்ப் பகுதியின் மா விவசாயியிடம் சென்று, "ஐயா, உங்கள் தோப்பில் என்ன குறை?" என்று அவர் மொழியிலேயே கேட்க வல்லவர் யார்? வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் வகுப்பில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் எல்லைப்புற மாணவரே ஆவார். ஆங்கிலத்தில் தயங்குகிறோமே என்று வருந்தும் மாணவர், தம்மிடமுள்ள இச்செல்வத்தை உணர்தல் வேண்டும். அவ்விவசாயி, "பூச்சியன்று, விலையே என் குறை" என்று கூறலாம். அப்போது, பாக்டீரியா இதற்கு மருந்தாகாது என்று ஒப்புக்கொள்வதும் அறிவியலே.

இக்கருத்தை மறுப்போரும் உளர். படிப்பு கெடும் என்பர் சிலர். ஓராண்டு நீளும் இப்பணியில் பெரும்பகுதியைக் கோடை விடுமுறையில் செய்தல் இயலும். எனினும், தேர்வைப் புறக்கணித்து ஆய்வு செய்தல் தகாது. செலவு மிகுதி என்பர் வேறு சிலர். இது மெய்யே. பங்கேற்புக் கட்டணமும் பயணச் செலவும் இலட்சக் கணக்கில் ஆகும். ஆதலின் அச்சுமை மாணவரின் பெற்றோர்மேல் விழாதவாறு கல்வி நிறுவனமே தாங்க வேண்டும். இல்லையேல் வசதியுடையோர்க்கு மட்டுமே அக்கதவு திறக்கும். உயிர்களை மாற்றுவது ஆபத்தன்றோ என்பது மூன்றாம் மறுப்பு. இவ்வச்சம் நியாயமானது. இதனாலேயே நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆய்வு நடைபெறும் நிறுவனத்தில் உயிரியல் பாதுகாப்புக் குழுவும் இருத்தல் வேண்டும். மாற்றிய உயிரியை ஆய்வகத்திற்கு வெளியே விடுதலை ஐஜெம் போட்டியும் தடை செய்கிறது. விதிகளை மதிக்கும் பழக்கத்தை இளமையிலேயே பெற்றவரே நாளை நம்பத்தக்க அறிவியலாளர் ஆவார்.

பதக்கம் பெறுவதற்காக மட்டும் இக்குழுவில் சேர வேண்டா. பதக்கம் சிலர்க்கே கிட்டும்; வினா எழுப்பும் துணிவோ உழைத்தோர் அனைவர்க்கும் கிட்டும். மாணவர்களே, பல்கலைக்கழகத்தில் நுழையும் முதல் நாளில் நூலகம் எங்குள்ளது என்று கேளுங்கள். அடுத்து, மாணவர் ஆய்வுக் குழு எங்குள்ளது என்று கேளுங்கள். இல்லை என்று விடை வருமாயின், அதனைத் தொடங்கும் முதல்வர் நீங்களாகவே இருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. ஆய்வுக் குழுவில் இணைவதால் விளையும் பயன்களாக ஆசிரியர் கூறுவன யாவை?
2. தோல்வியைப் பதிவு செய்தல் ஏன் தேவை?
3. உங்கள் ஊரின் குறை ஒன்றைக் குறிப்பிட்டு, அதனை அறிய யாரிடம் என்ன வினவுவீர்கள் என எழுதுக.